சத்தம் போடாத கம்ப்யூட்டர் கட்டிய விவரம்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி
(என் கைக்கடிகாரத்தின்படி. சுவர்க் கடிகாரம் ஏன் ஓடவில்லை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.)

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காள் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அக்காவின் வலது முழங்கால் மட்டும் படி ஏறும்போது சுகமில்லை. அங்கே நீ, உன் மனைவி, குழந்தைகள், உன் ரிப்பேர் கடை, அந்தக் கடைக்கு வந்து படுத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஃபோன் என்று ஒன்று இருக்கும்போது அத்தான் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. இது ரகசியம். ஃபோனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். அவள் இப்போது சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி அத்தியாயத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். நான் கூடத்தில் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறேன். நாற்காலியைக்கூட இழுக்காமல் தூக்கித்தான் வைத்தேன். எழுதுவதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் அச்சகத்தில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு உண்டு, உனக்கும் தெரியும். அதையும் உதடு மட்டும் அசைகிற அளவில்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே பயமில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். பார்வையில்லாத மாணவர்களுக்காக உன் அக்கா பதினோரு வருஷமாகப் பாடப் புத்தகம் படித்துப் பதிவு செய்து கொடுக்கிறாள். முன்பெல்லாம் பதிவு நிலையத்துக்கே போய், மூன்றாவது மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து படிப்பாள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், ‘வீட்டிலேயே படிச்சு அனுப்புங்க’ என்று ஒரு மைக்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்த முறை ஒப்பந்தச் சட்டம், ஒன்பது அத்தியாயம், ஒவ்வொன்றும் பல்லை உடைக்கிற மாதிரி. ஏழு பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள், தேர்வு வேறு நெருங்குகிறது. முதல் இரண்டு அத்தியாயத்தை நம் பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்பினாள். இரண்டும் திரும்பி வந்தன. ‘பின்னணியில் தொடர் இரைச்சல், மீண்டும் படிக்கவும்’ என்று ஒரே ஒரு வரி. எழுதியவர் அங்கே பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கும் ஓர் அம்மா. நான் அவருக்குக் காதம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். இவள் மறுபடி படித்து அனுப்பினாள், மறுபடி திரும்பியது. அதற்கப்புறம் காதம்மாவே ஃபோன் பண்ணி, ‘அடுத்த மாசக் கடைசிக்குள்ள சுத்தமான பதிவு வரலேன்னா புத்தகத்தை வேற ஒருத்தர்கிட்ட கொடுக்க வேண்டியிருக்கும்மா, தப்பா நினைச்சுக்காதீங்க’ என்றார். உன் அக்கா ‘சரிங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. கேட்டால் பசி இல்லை என்றாள். பிடிவாதத்தில் உங்கள் அப்பாவை அப்படியே உரித்து வைத்தவள் அவள், உனக்குத் தெரியாததா.

இதில் என் பங்கையும் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக அவள் எதைப் படித்தாலும் முதலில் கேட்பவன் நான். சாயங்காலம் இரண்டு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு அன்றைய பதிவைப் போடுவாள், நிலையத்தில் படித்த காலத்தில் பிரதி கொண்டுவந்து போடுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, இங்கே ஓடிவிட்டாய், அங்கே மூச்சு வாங்கிவிட்டாய் என்று சொல்வேன், அவள் பென்சிலால் குறித்துக்கொள்வாள். திரும்பி வந்த அந்த இரண்டு அத்தியாயத்தையும் ‘அப்பழுக்கு இல்லை, அனுப்பு’ என்று சொல்லி அனுப்ப வைத்தவன் நான்தான். அதனால்தான் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சத்தமே போடாத ஒரு கம்ப்யூட்டரை நானே கட்டித் தருகிறேன் என்று வாய் விட்டேன்.

உனக்கு ஃபோன் பண்ணினேன், ஞாபகம் இருக்கும். ‘எதுக்கு அத்தான் இவ்வளவு பாடு? சத்தம் போடுற சாமானை வேற ரூம்ல தள்ளிட்டு, மைக்குக்கு மட்டும் நீளமா ஒரு வயர் இழுங்க, வேலை முடிஞ்சுது’ என்றாய். நான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் மெஷின் ஹாலைப் பார்த்துக்கொண்டவனுக்கு வயர் இழுப்பது ஒரு வேலையா? எட்டு மெஷின் ஓடுகிற ஹாலில் வாசற்படியில் நின்றபடியே மூன்றாவது மெஷினில் உருளை காய்ந்திருக்கிறது என்று சொன்னவன் நான். என் காதுதான் எனக்குச் சோறு போட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ ‘சரி அத்தான்’ என்றாய். நீ அப்போது சிரித்த மாதிரி இருந்தது. சிரித்தாயா என்பது எனக்குக் கேட்கவில்லை.

பழைய பெட்டியைத் திறந்து, அச்சகத்தில் செய்வதுபோல நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு ஃபேனின் நடுவிலும் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்டேன். நாலு குட்டி ஃபேன், நாலும் நாய் துரத்துகிற வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன, ஹார்ட் டிஸ்க் வேறு உள்ளே எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. எனக்கு உடனே கணக்குப் புரிந்துவிட்டது. சூடு குறைவாக இருந்தால் காற்று குறைவாகப் போதும், காற்று குறைந்தால் சத்தம் குறையும். குட்டி ஃபேன் பறந்து பறந்து தள்ளுகிற காற்றை ஒரு பெரிய ஃபேன் ஆடி அசைந்தே தள்ளிவிடும். ஆகவே சூடு கக்காத சாதுவான பிராசஸர், அதன் தலையில் சூட்டை உறிஞ்சி வெளியே விடுகிற பெரிய ஹீட் சிங்க், மெதுவாகச் சுற்றுகிற உள்ளங்கையைவிடப் பெரிய இரண்டு ஃபேன், சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அசையாத எஸ்.எஸ்.டி., தடித்த தகரத்தில் ஒரு கேபினெட் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, கடைத்தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அங்கே இருப்பவர் கண்ணாடியை எப்போதும் நெற்றியில்தான் வைத்திருப்பார், கண்ணில் வைத்து நான் பார்த்ததில்லை. அவர் என் நோட்டைப் படித்துவிட்டு, ‘சார், லேட்டஸ்டா தண்ணி கூலிங் இருக்கு, உள்ள கலர் கலரா லைட் எரியும்’ என்றார். தண்ணீரை ஓட்ட மோட்டார் வேண்டும், மோட்டார் சும்மா இருக்காது, தவிர கரண்டும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது, படிக்கிறவளுக்குக் கலர் விளக்கும் தேவையில்லை என்றேன். ‘அனுபவஸ்தர் சொல்றீங்க’ என்று சொல்லிவிட்டு நான் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். பவர் சப்ளையை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. ஏதாவது ஒன்று நல்லதாகப் போடுங்கள் என்றேன். அது கரண்டை வாங்கிக் கொடுக்கிற பெட்டி, அதற்கென்ன குரலா இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

கட்டுவதில் முதல் கோணல், ஹீட் சிங்க் கேபினெட்டைவிட ஒரு விரற்கடை உயரம். பக்கக் கதவு மூடவில்லை. நான் ஸ்கேலோடுதான் போயிருந்தேன், ஆனால் கேபினெட்டின் வெளி அகலத்தை அளந்துவிட்டேன். மதர்போர்டும் உள்ளே கொஞ்சம் இடம் பிடிக்கும் என்பது தோன்றவில்லை. உன் அக்கா எட்டிப் பார்த்து, ‘கதவு அப்படித்தான் இருக்கணுமா?’ என்றாள். காற்றோட்டத்துக்கு என்று சொல்லிவைத்தேன். மறுநாளே அகலமான கேபினெட் மாற்றி வாங்கி வந்தேன். இரண்டாவது கோணல் பெரியது. பெட்டியின் உள்பக்கமெல்லாம் பஞ்சு ஷீட் வெட்டி ஒட்டி, எல்லாம் முடித்து, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஐம்பது நிமிஷம் படித்தாள். பாதி அத்தியாயத்துக்கு மேல் ஆகியிருக்கும், கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிட்டது. படித்தது போச்சு. மறுபடி போட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி அணைகிறது. தொட்டுப் பார்த்தால் உள்ளே இஸ்திரிப் பெட்டி. பஞ்சுதான் காரணம் என்று அத்தனை பஞ்சையும் பிய்த்து எறிந்தேன், அப்போதும் அணைந்தது. கடைசியில் ஹீட் சிங்க்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கிறேன். ‘மாட்டும் முன் உரிக்கவும்’ என்று அந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அச்சு பிளேட்டின் பின்தாளை உரிக்காமல் மெஷினில் ஏற்றிய ஆளை ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்தியவன் நான். என்னை நிறுத்த ஆளில்லாததால் தாளை உரித்து, சூடு கடத்துகிற பேஸ்ட் தடவி, மாட்டி, பஞ்சை மறுபடி ஒட்டினேன். இதை உன் அக்காவிடம் சொல்லவில்லை. சாமானில் சின்னக் குறை, சரி பண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு பெட்டி குளுகுளுவென்று இருந்தது. ஃபேன் சுற்றுகிறதா என்று காகிதத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் எலும்பில் லேசாக ஓர் உறுமல், எடுத்தால் ஒன்றுமே இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். உன் அக்கா தலையைச் சாய்த்து, ‘கீச்சுன்னு ஒண்ணு வருதே’ என்றாள். எங்கே என்றேன். ‘அதுக்குள்ளேருந்துதான், கொசு மாதிரி’ என்றாள். நான் பெட்டியின் மேல் காதையே வைத்தேன். ஒன்றும் இல்லை. ‘ரெண்டு தடவை திரும்பி வந்ததுல உனக்கு மனசு பயந்துபோச்சு, அதான் இல்லாததெல்லாம் கேக்குது’ என்றேன். அவள் ‘இருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். அந்த ‘இருக்கும்’ எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தப் பதிவும் திரும்பி வந்தது. ‘பழைய இரைச்சல் இல்லை, ஆனால் ஒரே சீரான மெல்லிய கீச்சொலி தொடர்ந்து கேட்கிறது’ என்று காதம்மா எழுதியிருந்தார். அப்படியானால் வீட்டில்தான் வேறெதுவோ என்று முடிவு கட்டினேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். அதனால் நாங்கள் இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டோம், இன்றுவரை பேட்டரியைத் திருப்பிப் போடவில்லை. அவள் படிக்கும்போது ஃபிரிட்ஜை அணைத்தேன். ஒரு நாள் அணைத்துவிட்டு மறுபடி போட மறந்துபோய் பால் எல்லாம் கெட்டுவிட்டது. பால்காரர் பழைய பாலைக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்துவைத்திருக்கிறேன், பாவம் அந்த மனிதர், இதையும் உன்னோடு வைத்துக்கொள். அத்தனைக்குப் பிறகும் அடுத்த பதிவு திரும்பி வந்தது. நான் காதம்மாவுக்கு, ‘இல்லாத சத்தத்தைக் கேட்கும் காதுகளுக்கு இந்த வீட்டில் மருந்து இல்லை’ என்று சூடாக ஒரு கடிதம் எழுதி, உன் அக்காவுக்குத் தெரியாமல் தபாலில் போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உங்கள் பதிவின் படம் இது என்று ஒரு தாளை இணைத்து அனுப்பினார். உன் அக்கா வாய் திறக்காமல் இருந்த பத்து விநாடியின் படம் அது. கீழே, கனத்த சத்தங்கள் விழுகிற இடமெல்லாம் வெறுமை. மேலே, சன்னமான சத்தம் விழுகிற உச்சியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே ஒரு கோடு. முப்பத்தொரு வருஷம் அச்சுப் பார்த்தவனுக்குத் தாளில் இருப்பதை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

போன திங்கட்கிழமை கம்ப்யூட்டரை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லா மேஜையில் வைத்து ஸ்விட்சைப் போட்டார் கண்ணாடிக்காரர். போட்ட மாத்திரத்தில் அவர் முகம் சுளித்தது. மவுஸ் வாங்க வந்திருந்த ஓர் அம்மா, ‘ஐயோ, என்னங்க இது, பல்லு கூசுது’ என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டார். மூலையில் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிறது. நான் அந்தப் பெட்டியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கு ஒன்றுமே இல்லை. என்ன செய்வேன்? நானும் முகத்தைச் சுளித்தேன். ‘பவர் சப்ளைக்குள்ள ஒரு சுருள் இருக்கு சார், சிலதுல அது இப்படிக் கத்தும். ஆயிரத்துல ஒண்ணு, உங்களுக்குன்னு வந்து மாட்டியிருக்கு, மாத்திக் கொடுத்துடறேன்’ என்றார். பிறகு குனிந்து வயர்களைப் பார்த்துக்கொண்டே, ‘வீட்டுல உங்களுக்குக் கேக்கலையா சார்? சில பேருக்கு வயசானா இந்த மாதிரி சன்னமான சத்தம் கேக்காது’ என்றார். ‘எனக்கா? ஏன் கேக்காம? இதோ இப்பக்கூட கத்திக்கிட்டுதானே இருக்கு’ என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையில் பெட்டியின் பிளக் இருந்தது. அதைப் பிடுங்கி ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை மாப்பிள்ளை. சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தப்பியிருப்பேன். மவுஸ் வாங்க வந்த அம்மா தன் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். கண்ணாடிக்காரர் அந்த வயரை அவசரமில்லாமல் சுருட்டி வைத்துவிட்டு, ‘உட்காருங்க சார், அரை மணி நேரத்துல ஆயிடும்’ என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அரை மணி நேரமும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உன் அக்கா எதையாவது சொல்வதற்கு முன்னால் மேஜையில் இரண்டு தட்டு தட்டுவாள், அது அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். எங்கே போனாலும் என் இடது பக்கமாகத்தான் வருவாள். காலிங் பெல் அடித்தால் ‘நீங்க இருங்க, நான் பார்க்கிறேன்’ என்று அந்த முழங்காலோடு எழுந்து போவாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். பழைய கம்ப்யூட்டர் போட்ட கூச்சலே எனக்குக் கேட்டிருக்கவில்லை, ஸ்க்ரூ டிரைவரை எலும்பில் வைத்ததால்தான் தெரிந்தது. எட்டு மெஷின் ஓடிய ஹால் எனக்குச் சோறு போட்டது நிஜம், அதற்குக் கூலியாக எதை எடுத்துக்கொண்டது என்று நான் பார்க்கவே இல்லை. கூடவே இன்னொன்றும் தோன்றியது, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. இத்தனை வருஷமாக நான் கேட்டுவிட்டு அருமை, துல்லியம் என்று சொன்னேனே, அதில் எவ்வளவு என் காதில் விழுந்திருக்கும்? எவ்வளவு நானாகப் போட்டு நிரப்பிக்கொண்டது?

புது பவர் சப்ளை போட்டதும் வேலை ஓடுகிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எட்டு அத்தியாயம் படித்துவிட்டாள். ‘இரைச்சல் அறவே இல்லை’ என்று காதம்மா எழுதிவிட்டார். ஒன்பதாவது உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. நாளை சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டால் புத்தகம் அவளுடையதுதான். ஆனால் இந்த ஒரு வாரமாகச் சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து கேட்கும்போது என் டம்ளர் டீ அப்படியே ஆறிப்போகிறது. ‘எப்படி இருக்கு?’ என்று பென்சிலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். நன்றாக இருக்கிறது என்கிறேன். என் காது போனதில்கூட எனக்கு அவ்வளவு கவலை இல்லை. இது தெரிந்தால் அவள் அந்தப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாளே, இனிமேல் என்னைக் கேட்காமல் நேராக அனுப்பிவிடுவாளே என்பதுதான் பயம். பயம் என்றே சொல்கிறேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஆகவே நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அடுத்த வாரம் உன் அக்காவுக்கு ஃபோன் பண்ணி, ‘கடையில ஸ்டாக் எடுக்கணும், அத்தானை நாலு நாள் அனுப்பி வை’ என்று சொல். அங்கே ஒரு நல்ல காது டாக்டரைப் பார்த்து வை. காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிற, வெளியே தெரியாத மெஷின் இருக்கிறதாமே, அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறேன். அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். இந்த விஷயம் உன்னையும் என்னையும் அந்தக் கண்ணாடிக்காரரையும் தவிர நாலாவது ஆளுக்குப் போகக் கூடாது. முக்கியமாக உன் அக்காவுக்குத் தெரியவே கூடாது. தெரியவே கூடாது என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். நீயும் உன் தொழிலும் மேன்மேலும் தழைத்து, உன் கடைக்கு வருகிற பெட்டிகள் சீக்கிரம் கெட்டு, அதைவிடச் சீக்கிரம் சரியாகட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்யாதே. ஃபோன் பண்ணாதே. ஸ்டாக் எடுக்க வேண்டாம்.

கையெழுத்துப் போட்டு உறையை எடுத்துக்கொண்டிருந்தபோது மேஜையில் இரண்டு தட்டு விழுந்தது. உன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் கடிதத்தின் மேல் பேப்பரைப் போட்டு மூடினேன். அவள் என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போய், உட்காரவைத்து, ஹெட்போனை என் தலையில் மாட்டி, சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள். முதலில் அவள் குரல். ‘ஒரு தரப்பு முக்கியமான உண்மையை மறைத்து, மறுதரப்பின் சம்மதத்தைப் பெறுமானால்...’ அங்கே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் படிக்கவில்லை. தூரத்தில் ஏதோ ஒரு முணுமுணுப்பு. பிறகு ஓர் ஆள், வாசலில் நின்று பக்கத்துத் தெருவில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில், ‘பிடிவாதத்தில் உங்கள் அப்பாவை அப்படியே உரித்து வைத்தவள்’ என்றான்.

அந்த ஆள் நான்தான். அங்கிருந்து அடிக்கோடு வரைக்கும் முப்பத்தெட்டு நிமிஷம், ஒரு சொல் விடாமல், கதவையும் தாண்டி வந்து பதிவாகியிருக்கிறது. பின்னணியில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. அந்த அளவுக்கு நல்ல கம்ப்யூட்டர் கட்டியிருக்கிறேன்.

ஹெட்போனைக் கழற்றினேன். ‘எங்கப்பாவை உரிச்சு வச்சிருக்கேனா?’ என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ‘பாலைக் கெடுத்தது நீங்க. அந்த மனுஷன் மூணு தடவை என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு’ என்றாள். அதற்கும் குனிந்துதான் இருந்தேன். ‘காது டாக்டர்கிட்ட வியாழக்கிழமை பத்து மணிக்கு டைம் வாங்கியிருக்கேன். வாங்கி ஒரு மாசமாச்சு. எப்படிச் சொல்றது, ரோஷப்படுவீங்களேன்னுதான் இருந்தேன்’ என்றாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ஆறேழு வருஷம் இருக்கும் என்றாள். அப்படியென்றால் இத்தனை வருஷமாக எதற்கு என்னிடம் போட்டுக் காட்டி, நான் சொன்னதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டாய் என்று கேட்டேன். ‘நீங்க கேக்கும்போது உங்க முகத்தைப் பார்ப்பேன். எங்க புருவம் சுருங்குதோ அங்க புரியலேன்னு அர்த்தம். அந்த இடத்தை மறுபடி படிப்பேன். அதுக்குக் காது எதுக்கு?’ என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நீ உன் மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

கெட்டுப்போன பாதி அத்தியாயத்தை இப்போது மறுபடி படிக்கிறாள். என் முப்பத்தெட்டு நிமிஷத்தை மட்டும் தனியாக வெட்டி வைத்திருக்கிறாள், அழிக்க மாட்டாளாம். சத்தம் போடுகிற சாமானை வேறு இடத்துக்குத் தள்ளுங்கள் என்று நீ அன்று சொன்னதுதான் சரி என்று அவளும் ஒப்புக்கொண்டு, என்னை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டாள். இந்தப் பின்குறிப்பைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு எழுதுகிறேன். சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தேன். கீழேயிருந்து செய்தி அனுப்பியிருக்கிறாள்: ‘இப்பவும் கேக்குது.’